நோக்கு நூல் அடுக்கும் தமிழ்த்துறையின் பொறுப்பும்

ஒவ்வொரு நிதியாண்டின் இறுதியிலும் பல்கலைக்கழக நூலகத்திலிருந்து துறைகளுக்குச் சுற்றறிக்கை ஒன்று வருவது வழக்கம். வாங்கத்தக்க நூல்களின் பட்டியலை ஒரு வாரத்திற்குள் அனுப்புமாறு அதில் கேட்கப்பட்டிருக்கும். பதிப்பகங்களின் விலைப்பட்டியல்கள் மேசைக்கு வரும். தெரிந்த பெயர்கள் குறியிடப்படும். ஒதுக்கப்பட்ட தொகைக்குள் கூட்டுத்தொகை அடங்கியதும் பட்டியல் நூலகத்திற்குச் சென்றுவிடும். திறனாய்வு நூல்களையும் கவிதைத் தொகுப்புகளையும் இம்முறையில் தெரிவு செய்வதால் பேரிழப்பு ஒன்றும் நேர்வதில்லை. பொருந்தாத நூல் படிக்கப்படாமல் கிடக்கும், அவ்வளவே. அகராதி, சொல்லடைவு, கலைக்களஞ்சியம், நூலடைவு, கல்வெட்டுத் தொகுதி ஆகிய நோக்கு நூல்களின் நிலை வேறு. அவற்றை யாரும் முதலிலிருந்து இறுதிவரை படிப்பதில்லை. ஒரு பக்கத்தைத் திறந்து, ஒரு பதிவைக் கண்டு, அதை நம்பி மூடிவிடுகிறோம். அந்நம்பிக்கையின் மேல் ஓர் ஆய்வேடு எழுகிறது. அவ்வாய்வேட்டை மேற்கோளாகக் கொண்டு இன்னொன்று எழுகிறது.

கடந்த கால் நூற்றாண்டு தமிழ் நோக்கு நூல்களைப் பொறுத்தவரை வளமான காலம். சாந்தி சாதனா அறக்கட்டளையின் வரலாற்று முறைத் தமிழ் இலக்கியப் பேரகராதி 2001இல் ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது. அதனைத் தொடர்ந்து அவ்வமைப்பே கல்வெட்டுச் சொற்களுக்கும் அகராதி வெளியிட்டது. ஐராவதம் மகாதேவனின் தொடக்ககாலத் தமிழ்க் கல்வெட்டியல் குறித்த ஆங்கில நூல் 2003இல் வந்து, 2014இல் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் வெளியீடாகத் திருத்தம் பெற்றது. பாவாணரை இயக்குநராகக் கொண்டு 1974இல் தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் பேரகரமுதலித் திட்டம் 2011இல் நிறைவெய்தியது. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 2008இலும் 2020இலும் விரிவாக்கப்பட்ட பதிப்புகளாக வந்தது. இவற்றுள் ஒவ்வொன்றும் பல்லாண்டு உழைப்பின் விளைவு. இவை வெளிவந்தபோது நம் ஆய்விதழ்களில் இவற்றைச் சொல் சொல்லாக ஆராய்ந்த மதிப்புரைகள் எத்தனை வந்தன என்று எண்ணிப் பார்த்தால் விரல்களே மிகுதியாகத் தோன்றும். நூலகர் எதைக் கொண்டு தெரிவு செய்வார்? அமெரிக்கக் கல்லூரி நூலகங்களுக்கென்றே 1964 முதல் 'சாய்ஸ்' என்னும் மதிப்புரை இதழ் வெளிவருகிறது. புதிய நோக்கு நூலை வாங்கலாமா, முந்தைய பதிப்பே போதுமா என்று துறை அறிஞர் அதில் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றனர். தமிழ் நூலகருக்கு அத்தகைய துணை இல்லை. அத்துணையைத் தரவேண்டியவர்கள் தமிழாய்வாளர்களாகிய நாமே என்பதும், நோக்கு நூல் அடுக்கின் இன்றைய நிலைக்கு நூலகரைக் காட்டிலும் நாமே பொறுப்பு என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

பதிப்பு என்னும் அடையாளம்

நோக்கு நூலை நாம் தலைப்பால் அறிகிறோம். 'லெக்சிகன் சொல்கிறது', 'அபிதான சிந்தாமணியில் உள்ளது' என்று எழுதுகிறோம். உண்மையில் நோக்கு நூலின் அடையாளம் அதன் பதிப்பில் இருக்கிறது. இது நுண்ணிய நூலியல் வாதம் போலத் தோன்றலாம். பயன்பாட்டில் இது எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது என்பதைச் சில நூல்களைக் கொண்டு காணலாம்.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. அவற்றில் உள்ள சொற்கள் 1,04,405. அதன் பின் 1939இல் நிறைவுற்ற பிற்சேர்க்கையில் 13,357 சொற்கள் உள்ளன. மொத்தத்தில் ஒன்பதில் ஒரு பங்கிற்குச் சற்று மிகுதியான சொற்கள் பிற்சேர்க்கையில் மட்டுமே இடம்பெற்றுள்ளன என்பது இதன் பொருள். ஆறு தொகுதிகளை மட்டும் புரட்டிவிட்டு 'இச்சொல் லெக்சிகனில் இல்லை' என்று எழுதும் ஆய்வாளர் ஒரு சொல்லின் வரலாற்றையே தவறாக வரைந்துவிடக்கூடும். நான் பயன்படுத்தும் நூலகங்களுள் ஒன்றில் ஆறு தொகுதிகளும் ஓர் அடுக்கிலும் பிற்சேர்க்கை மற்றோர் அடுக்கிலும் நெடுங்காலமாக இருந்து வருகின்றன. பட்டியலில் அவை இரு வேறு நூல்களாகப் பதிவாகியுள்ளன. பட்டியலிட்டவர் மேல் குற்றமில்லை. முதுகுத்தாளில் இருந்ததை அவர் பதிவு செய்தார். அவ்வடுக்கின் முன் ஆண்டுக்கணக்கில் நின்ற தமிழ்த்துறையினர் யாரும் அதனைச் சுட்டிக்காட்டவில்லை என்பதுதான் வியப்பு.

பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இன்னும் கூர்மையான சான்று. அதன் முதற்பதிப்பு 1961, பிற்சேர்க்கை 1968, திருத்திய இரண்டாம் பதிப்பு 1984. சொற்களை எண்ணிட்ட பதிவுகளாகத் தொகுப்பது அவ்வகராதியின் முறை. அதனால் ஆய்வாளர் பக்கத்தைச் சுட்டாமல் பதிவெண்ணைச் சுட்டுவர். இரண்டாம் பதிப்பில் எண்கள் மாறிவிட்டன. 1970களில் எழுதப்பட்ட ஆய்வேடு ஒன்றில் காணும் பதிவெண்ணை 1984ஆம் ஆண்டுப் பதிப்பில் தேடினால் தொடர்பில்லாத ஒரு சொற்குடும்பம் முன்னே வந்து நிற்கும். தொகுப்பாசிரியர்கள் இதனை முன்னுணர்ந்து ஒவ்வொரு பதிவின் இறுதியிலும் பழைய எண்ணைத் தந்துள்ளனர். எனினும் பழைய எண்ணிலிருந்து தொடங்குபவருக்குப் பழைய பதிப்பு கையில் இருப்பதே நேர்வழி. புதியது வந்ததும் பழையதைக் கழிவில் சேர்த்த நூலகத்தில் அவ்வழி அடைபட்டுவிடுகிறது. அவ்வகராதியின் இரு பதிப்புகளையும் 'ஒரே நூலின் இரு படிகள்' எனச் சேர்க்கைப் பதிவேட்டில் எழுதினால் அடுத்த இடநெருக்கடியில் முதலில் வெளியேறுவது எது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

மகாதேவனின் நூலில் நிகழ்ந்தது வேறு வகை. 2003ஆம் ஆண்டுப் பதிப்பு தமிழ்-பிராமிக் கல்வெட்டுகளோடு தொடக்ககால வட்டெழுத்துக் கல்வெட்டுகளையும் உள்ளடக்கியது. 2014இல் வெளிவந்த திருத்திய பதிப்பின் முதல் தொகுதி தமிழ்-பிராமிக் கல்வெட்டுகளுக்கு உரியது. பின்னது திருத்தமும் விரிவும் பெற்றது என்பதால் முன்னது தேவையற்றுப் போகவில்லை. நடுகற்களின் வட்டெழுத்துப் பொறிப்புகளை ஆராய வருபவர் 2003ஐயே நாடவேண்டும். தமிழ்-பிராமி வாசிப்பை மேற்கோள் காட்டுபவரோ, இரு பதிப்புகளிலும் வாசிப்பு ஒன்றாக உள்ளதா என்று ஒப்பிட்ட பின்னரே எழுதவேண்டும். ஆசிரியரே தம் வாசிப்பை மாற்றிக்கொண்ட இடத்தில் பழைய வாசிப்பை அவர் பெயரால் தொடர்ந்து வழங்குவது அவருக்கும் நீதியன்று.

க்ரியாவின் அகராதி இவை எல்லாவற்றினும் வேறுபட்ட ஒரு பாடத்தைத் தருகிறது. 1992, 2008, 2020 ஆகிய மூன்று பதிப்புகளும் அவ்வக்காலத்து எழுத்துத் தமிழைத் தரவாகக் கொண்டு உருவானவை. அவற்றின் தலைப்பிலுள்ள 'தற்கால' என்னும் அடை மூன்று பதிப்புகளிலும் மூன்று வேறு காலங்களைக் குறிக்கிறது. ஒரு சொல் 1992இல் இல்லாமல் 2008இல் இடம்பெறுகிறதா, ஒரு சொல்லின் பொருள் வரிசையில் எப்பொருள் முன்னுக்கு வந்தது, எந்த வழக்குக் குறிப்பு நீங்கியது என்று பார்த்துச் செல்வது இருபத்தெட்டு ஆண்டுக்காலத் தமிழின் இயக்கத்தைப் பார்ப்பதாகும். கணினியும் செல்பேசியும் தனியார் தொலைக்காட்சியும் தமிழ் எழுத்துக்குள் நுழைந்த காலமும் அதுவே. இவ்வாய்வுக்கு மூன்று பதிப்புகளும் ஒரே அடுக்கில் இருக்கவேண்டும். மூன்றாம் பதிப்பு வந்த 2020ஆம் ஆண்டிலேயே அதன் பின்னிருந்த க்ரியா எஸ். ராமகிருஷ்ணன் மறைந்தார். முதற்பதிப்பின் படிகளைத் தேடி வாங்கிவைப்பது இனி ஆண்டுக்கு ஆண்டு அரிதாகும்.

இங்கு ஓர் இடைக்குறிப்பு. லெக்சிகனின் முதற்பகுதி வெளிவந்த 1924ஆம் ஆண்டில்தான் எஸ். ஆர். இரங்கநாதன் அதே பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்றார். அவர் வகுத்த கோலன் பகுப்புமுறையில் நூலெண்ணின் ஓர் உறுப்பாக வெளியீட்டு ஆண்டு அமைகிறது. ஒரே தலைப்பின் இரு பதிப்புகள் அடுக்கில் ஒன்றாகிவிடாமல் காக்கும் ஏற்பாடு அது. அவர் பெயரைச் சொல்லி நூலகர் நாள் கொண்டாடும் நாம் அவ்வேற்பாட்டின் உட்பொருளை மறந்துவிட்டோம்.

மறு அச்சும் மறுபதிப்பும்

தமிழ்ப் பதிப்புலகில் 'மறுபதிப்பு' என்னும் ஒரே சொல் இரு செயல்களைக் குறிக்கிறது. பழைய நூலை மாற்றமின்றி ஒளிப்படமாக எடுத்து மீண்டும் அச்சிடுவது ஒன்று. திருத்தியும் கூட்டியும் புதிதாக வெளியிடுவது மற்றொன்று. முன்னதை மறு அச்சு என்றும் பின்னதைத் திருத்திய பதிப்பு என்றும் பிரித்து வழங்காமையால் நேரும் குழப்பம் ஆய்வேடுகளின் துணைநூற்பட்டியலில் அன்றாடம் காணக்கிடைப்பது.

வின்சுலோவின் தமிழ்-ஆங்கில அகராதி 1862இல் சென்னையில் அச்சானது. யாழ்ப்பாணத்தில் நைட் அடிகளார் தொடங்கிய தொகுப்புப் பணியின் தொடர்ச்சி அது. பின்னர் 1979 முதல் அது தில்லியில் மறு அச்சாக வந்துகொண்டிருக்கிறது. நம் நூலகங்களில் பெரும்பாலும் இருப்பது அவ்வச்சே. 'வின்சுலோ, 1979' என்று துணைநூற்பட்டியலில் எழுதப்படும்போது பத்தொன்பதாம் நூற்றாண்டின் சான்று இருபதாம் நூற்றாண்டின் சான்றாக மாறிவிடுகிறது. இப்பிழையாவது ஆசிரியர் யார் என்று அறிந்தவர் கண்ணில் உடனே படும்.

பப்ரிசியசு அகராதியில் நேர்வது இதற்கு நேர்மாறானது. ஆகவே கண்டுபிடிக்கக் கடினமானது. அவருடைய அகராதி 1779இல் வேப்பேரியில் அச்சிடப்பட்டது. இன்று இணையத்தில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தென்னாசிய மின்னகராதித் திட்டத்தின் வழி நாம் தேடிப் பார்ப்பதோ, தரங்கம்பாடியில் 1972இல் வெளிவந்த, திருத்தி விரிவாக்கப்பட்ட நான்காம் பதிப்பு. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ இருநூறு ஆண்டு இடைவெளி. அதில் காணும் ஒரு சொல்லைப் 'பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பப்ரிசியசு பதிவு செய்துள்ளார்' என்று எழுதுவதற்கு எந்த அடிப்படையும் இல்லை. அச்சொல் முதற்பதிப்பிலிருந்து வந்ததா, இடைப்பட்ட பதிப்புகளில் புகுந்ததா என்பதை 1779ஐக் கண்டே சொல்ல முடியும். மின்னகராதித் தளம் பதிப்பு விவரத்தைத் தெளிவாகவே தருகிறது. ஆனால் அது முகப்பில் இருக்கிறது. தேடலில் வருபவர் நேராகப் பதிவுக்குச் சென்றுவிடுகிறார்.

அபிதான சிந்தாமணியின் நிலையும் இதுபோன்றதே. ஆ. சிங்காரவேலு முதலியார் தொகுத்த அந்நூல் 1910இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வழி வெளிவந்தது. பெரிதும் விரிந்த இரண்டாம் பதிப்பு அவர் மறைவுக்குப் பின் 1934இல் வந்தது. இன்றைய அச்சுகள் இரண்டாம் பதிப்பையே அடிப்படையாகக் கொண்டவை. அதிலுள்ள ஒரு கருத்தை '1910இல்' நிலவிய கருத்தாகக் காட்டுவோர் பலர். அந்த இருபத்துநான்கு ஆண்டுகளில் சங்க இலக்கியப் பதிப்புகள் பல வந்தன, கல்வெட்டறிவு வளர்ந்தது, தமிழரின் வரலாற்று நோக்கே மாறியது. எது எப்போது எழுதப்பட்டது என்பது இங்கு அற்ப விவரமன்று.

கலைக்களஞ்சியங்கள் காலத்தால் பழையவாகிவிடும் என்பதால் அவற்றை ஒதுக்குவோர் உண்டு. பெ. தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி 1954இல் வந்தபோது மொழிவழி மாநிலங்கள் அமைந்திருக்கவில்லை. பத்தாம் தொகுதி 1968இல் வந்தது. அடுத்த ஆண்டு பொங்கலன்று மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு ஆயிற்று. அறிவியல் செய்திக்காக இன்று யாரும் அத்தொகுதிகளைத் திறக்கப்போவதில்லை. ஆயினும் கலைச்சொல்லாக்க வரலாற்றை எழுதுபவருக்கு அப்பத்துத் தொகுதிகள் ஈடற்ற தரவு. இயற்பியலிலும் உயிரியலிலும் இன்று நாம் இயல்பாக வழங்கும் சொற்களுள் எவை அப்போதே நிலைபெற்றிருந்தன, எவை முயன்று பார்த்துக் கைவிடப்பட்டன என்பதை அவற்றில்தான் காணலாம். பழைய கலைக்களஞ்சியம் செய்திக்கு உதவாமற் போன நாளில் வரலாற்றுக்கு உதவத் தொடங்குகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகம் அதனை மின்வடிவில் தந்திருப்பது நற்பணி.

திரையில் தெரியாதவை

மின்வடிவம் வந்தபின் அச்சுத் தொகுதிகளை வாங்கவும் வைக்கவும் வேண்டுமா என்னும் கேள்வி நூலகக் குழுக் கூட்டங்களில் இப்போது வெளிப்படையாகவே எழுகிறது. அச்சுத்தாளின் மணம் பற்றிய ஏக்கத்தால் இதற்கு விடை சொல்லக்கூடாது. லெக்சிகனை இணையத்தில் தேடும் வசதி என் தலைமுறை ஆய்வாளருக்குக் கிடைத்த பெரும்பேறு. ஒரு நாளில் முடிக்கும் ஒப்பீட்டை முன்னோர் ஒரு திங்கள் செய்தனர். என் மறுப்பு வேறிடத்தில் உள்ளது. தேடற்பெட்டி தருவது ஒரு பதிவு; நோக்கு நூல் என்பது பதிவுகளும் அவற்றை ஆளும் விதிகளும் சேர்ந்தது. எந்நூல்களிலிருந்து சொற்கள் எடுக்கப்பட்டன, எப்பதிப்புகள் பயன்பட்டன, குறுக்கங்கள் எவற்றைக் குறிக்கின்றன, வழக்காறு எவ்வாறு பகுக்கப்பட்டது என்பன முன்னுரையிலும் குறுக்க விளக்கத்திலும் உள்ளன. அவற்றைப் படிக்காமல் லெக்சிகனைப் பயன்படுத்துவது சூத்திரம் அறியாமல் உரையை மட்டும் மேற்கோள் காட்டுவது போன்றது. வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியராக இருந்து நிறைவு செய்த அவ்வகராதியில் ஒரு பொருளுக்கு மேற்கோள் எந்நூலிலிருந்து தரப்பட்டுள்ளது என்பதே பல இடங்களில் அப்பொருளின் காலத்தைப் பற்றிய முதற்குறிப்பாக அமைகிறது.

சங்க இலக்கியச் சொல்லடைவுகளில் இது இன்னும் வெளிப்படை. ந. சுப்பிரமணியனின் அடைவு 1966இல் வந்தது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் அடைவு 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாக வந்தது. லேமன், மால்டன் இருவரின் அடைவு 1992இல் வெளியாயிற்று. அடைவு எதுவாயினும் அது ஏதோ ஒரு பாடத்தைப் பின்பற்றியே சொற்களை வரிசைப்படுத்தும். சொற்பிரிப்பும் அதையொட்டியே அமையும். ஓர் அடைவில் இல்லாத சொல் மற்றொன்றில் இருக்குமாயின் அது அடைவாளரின் கவனக்குறைவாக இருக்கவேண்டியதில்லை, பாடவேறுபாடாக இருக்கலாம், அதுவே ஓர் ஆய்வுக்குத் தொடக்கமாகலாம். ஓர் அடைவை மட்டும் வாங்கி 'சங்க இலக்கியத்திற்கு அடைவு உள்ளது' என நிறைவு கொள்ளும் நூலகம் அத்தொடக்கத்தை இழக்கிறது.

மின்வளங்களுக்கென நாடு செலவிடும் தொகை குறைவன்று. 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்திற்கு 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்க ஒன்றிய அரசு 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்தது. உலகளாவிய முப்பது வெளியீட்டாளர்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் அதன் வழி உயர்கல்வி நிறுவனங்களுக்குக் கிடைக்கின்றன. இயற்பியலாளருக்கும் மருத்துவருக்கும் இது பெருந்துணை. தமிழாய்வாளருக்குத் தேவையான அகராதிகளும் அடைவுகளும் அவ்வாயிலில் வருவதில்லை; அவை இன்றும் சென்னையிலோ தஞ்சையிலோ புதுச்சேரியிலோ ஒரு சிறு கிடங்கிலிருந்து கட்டாக வரவேண்டியவை. செல்வழி மின்வளம் என்று முடிவாகிவிட்ட ஒரு நூலகத்தில் அக்கட்டுகளுக்கான தொகைதான் முதலில் சுருங்குகிறது. சுவலபிலின் தமிழ் இலக்கியக் கலைச்சொற்களஞ்சியம் 1995இல் நெதர்லாந்தின் பிரில் நிறுவன வெளியீடாக வந்தது. ஐரோப்பிய விலையில் அதனை வாங்கிய தமிழக நூலகங்கள் குறைவே. தமிழ் பற்றிய சிறந்த நோக்கு நூல்களுள் ஒன்றைத் தமிழ் மாணவர் ஒளிநகலில் மட்டுமே அறிந்திருப்பது நம் கொள்முதல் முறையைப் பற்றிய ஒரு தீர்ப்பு.

பதிவேடு மூடப்பட்ட பின்

நோக்கு நூல்களுள் நூலடைவுக்கு நாம் தரும் மதிப்பு மிகக் குறைவு. அடைவின் தேவை இன்று முன்னெப்போதையும் விடக் கூடியிருப்பதற்கு ஒரு சட்டக் காரணம் உண்டு. 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள், நூல்கள் பதிவுச் சட்டத்தின்படி அச்சான நூல்கள் அரசிடம் பதிவாகின. காலாண்டுப் பட்டியல்கள் அரசிதழில் வெளிவந்தன. அதற்கு முற்பட்ட காலத்திற்கு மர்டாக்கின் 1865ஆம் ஆண்டு வகைப்பாட்டுப் பட்டியலும், இலண்டன் தொகுப்புக்குப் பார்னெட்டும் போப்பும் 1909இல் தந்த பட்டியலும் உள்ளன. 1867 முதலான நூல்களைத் தொகுத்து 1961 முதல் வெளிவந்த தமிழ் நூல் விவர அட்டவணை இல்லையேல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதித் தமிழ் அச்சு வரலாற்றை இன்று யாரும் எழுதியிருக்க முடியாது. ஒரு குஜிலிப் பாட்டுப் புத்தகத்தின் பெயரை நாம் அறிவதே பதிவேட்டில் அன்று எவரோ ஓர் எழுத்தர் அதனை எழுதிவைத்ததால்தான்.

அச்சட்டம் இப்போது இல்லை. அதற்கு மாற்றாக 2023இல் இயற்றப்பட்ட பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தலைப்பு காட்டுவது போலவே அது பருவ இதழ்களை மட்டும் கருதுகிறது. நூல்கள் அதன் எல்லைக்கு வெளியே சென்றுவிட்டன. பதிப்பாளர்கள் கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் படி அனுப்பவேண்டும் என்னும் 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றே எஞ்சியுள்ளது. அப்படியை அனுப்பாத சிறு பதிப்பாளர் எத்துணையர் என்பது பதிப்புத்துறை அறிந்த செய்தி. 1880இல் திருநெல்வேலியில் அச்சான அம்மானையின் விவரத்தை நாம் பெற முடிகிறது. 2024இல் அதே ஊரில் நூறு படி அச்சிடப்பட்ட வட்டார வழக்குச் சொற்றொகுப்பின் விவரம் ஐம்பது ஆண்டு கழித்து எங்குக் கிடைக்கும்? தேவைக்கேற்ப அச்சிடும் தொழில்நுட்பம் வந்தபின் ஆர்வலர் பலர் தம் ஊரின் பேச்சுவழக்கையும் தொழிற்சொற்களையும் தொகுத்துத் தாமே வெளியிடுகின்றனர். நெசவு, உப்பளம், மீன்பிடி, பானைத்தொழில் சார்ந்த இத்தொகுப்புகள் பேரகராதிகள் தொடாத சொற்களைக் கொண்டவை. விலைப்பட்டியல் இல்லாத இந்நூல்கள் நிதியாண்டு இறுதிப் பட்டியலில் இடம்பெற வழியே இல்லை. ஆண்டுதோறும் தன் மாவட்டத்தில் வெளிவந்த இத்தகைய தொகுப்புகளைத் தேடிப் பெற்றுப் பட்டியலிடுவதை ஒவ்வொரு தமிழ்த்துறையும் தன் நூலகத்தோடு சேர்ந்து செய்யலாம். அதற்கு ஆகும் செலவு ஓர் ஐரோப்பிய நூலின் விலையைத் தாண்டாது.

மதிப்புரை என்னும் ஆய்வு

இத்துறையில் நமக்கு மரபு இல்லாமல் இல்லை. சென்னைப் பல்கலைக்கழக அகராதியின் குறைகளைப் பாவாணர் தனி நூலாகவே எழுதினார். அவர் காட்டிய வேர்களை ஏற்பவரும் உண்டு, மறுப்பவரும் உண்டு. என் சார்பு பெரும்பாலும் பின்னவரிடம். ஆயினும் ஓர் அகராதியைப் பதிவு பதிவாக எடுத்துக்கொண்டு, சொல் விடுபாடு இது, பொருட்பிழை இது, மூலம் காட்டியதில் கோட்டம் இது என்று வழக்காடிய அம்முறை போற்றத்தக்கது. அவ்வழக்கின் விளைவாக மற்றொரு பேரகரமுதலியே எழுந்தது. இரண்டையும் அருகருகே வைத்து ஒரே சொல்லுக்கு இரண்டும் காட்டும் மூலத்தை மாணவர் ஒப்பிடும் வகையில் அடுக்கை அமைத்த நூலகம் ஒரு பாடத்திட்டமே செய்யாத பணியைச் செய்கிறது. பேரகரமுதலியின் தொகுதிகள் 1985 முதல் கால் நூற்றாண்டுக்கும் மேலாகப் பகுதி பகுதியாக வந்தமையால் முழுமையான தொகுப்பு உள்ளதா என்பதை ஒவ்வொரு துறையும் நேரில் சென்று எண்ணிப் பார்ப்பது நல்லது.

இன்று அம்மரபு அருகியதற்குக் காரணங்கள் வெளிப்படையானவை. ஆய்வுக் கட்டுரைக்குக் கிடைக்கும் மதிப்பு மதிப்புரைக்குக் கிடைப்பதில்லை. ஓர் அகராதியை நேர்மையாக மதிப்பிட ஆறு திங்கள் ஆகும். அவ்வாறு திங்களில் இரண்டு கட்டுரைகள் எழுதிவிடலாம். மேலும், வாழும் தொகுப்பாளரின் உழைப்பில் குறை காண்பது பண்பன்று என்னும் தயக்கமும் நம்மிடம் உண்டு. முப்பது ஆண்டு உழைத்தவரின் நூலைப் பொன்னாடை போர்த்தி வரவேற்று, பின் ஒருமுறையும் திறவாமல் இருப்பதைக் காட்டிலும் பெரிய அவமதிப்பு வேறு என்ன இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது. தொகுப்பாளர் அடுத்த பதிப்புக்கு வேண்டுவது திருத்தக் குறிப்புகளே.

நோக்கு நூல் மதிப்புரை எவ்வாறு அமையவேண்டும் என்பதற்கு விரிவான கோட்பாடு தேவையில்லை. தொகுப்பாளர் முன்னுரையில் உறுதியளித்ததை ஓர் எழுத்தின் பதிவுகள் முழுவதிலும் சோதித்தால் போதும். காட்டப்பட்ட மேற்கோள்கள் மூலநூலில் அவ்விடத்தில் உள்ளனவா, எப்பதிப்பின் பாடத்தோடு ஒத்துள்ளன, முந்தைய அகராதிகளில் இருந்த பொருள்களுள் எவை காரணமின்றி விடுபட்டன, 'காண்க' எனச் சுட்டிய இடத்தில் பதிவு உள்ளதா என்பனவே கேள்விகள். கடைசிக் கேள்வி எளிது போலத் தோன்றும். பல தொகுதி நூல்களில் பெரும்பாலும் இடறுவது அங்கேதான். மதிப்புரையின் இறுதியில் நூலகருக்கென இரண்டு வரி இருக்கவேண்டும்: முந்தைய பதிப்பு உள்ள நூலகம் இதனை வாங்கவேண்டுமா; வாங்கினால் முந்தையதை எங்கு வைக்கவேண்டும்.

இடமும் பணமும் இல்லை என்னும் நூலகரின் மறுப்பு பொய்யன்று. எல்லாப் பதிப்புகளையும் திறந்த அடுக்கில் வைக்கவேண்டும் என்று கேட்கவில்லை. பழைய பதிப்புகள் காப்பறையில் இருக்கட்டும். பட்டியலில் அவை தனித்தனி ஆண்டோடும், ஒன்றையொன்று சுட்டும் குறிப்போடும் இருந்தால் போதும். ஒரு நகரிலுள்ள பல்கலைக்கழகமும் பழைய கல்லூரிகளும் தம்மிடமுள்ள பதிப்புகளின் விவரத்தைப் பகிர்ந்துகொண்டால் எது எங்கேனும் ஓரிடத்தில் காக்கப்படுகிறது என்பது தெரியும். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஒரு தனிமனிதரின் கோட்டையூர்ச் சேகரிப்பிலிருந்து தோன்றியது. பல்கலைக்கழகங்கள் கழித்துவிட்ட எத்தனையோ நூல்களுக்கு அத்தகைய சேகரிப்புகளே புகலிடமாயின. காக்கும் கடமையைத் தனிமனிதர் ஆர்வத்திற்கு விட்டுவிட்டுப் பல்கலைக்கழகம் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

இவ்விதழைப் போன்ற தமிழ்த்துறை ஆய்விதழ்கள் ஒவ்வோர் இதழிலும் நான்கு பக்கங்களை நோக்கு நூல் மதிப்புரைக்கு ஒதுக்கலாம். முனைவர் பட்ட ஆய்வாளர் தம் துறை சார்ந்த ஒரு நோக்கு நூலையேனும் மதிப்பிட்டு எழுதுவதை ஆய்வுப் பயிற்சியின் ஒரு பகுதியாக்கலாம். க்ரியா அகராதியின் 2008, 2020 பதிப்புகளில் நகர முதற்சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஒப்பிடுவது ஓர் அரையாண்டுக்கு ஏற்ற பணி. கல்வெட்டியல் பயில்பவர் மகாதேவனின் இரு பதிப்புகளில் மாங்குளம், புகளூர் வாசிப்புகளை வரி வரியாக ஒத்துப்பார்க்கலாம். முதல் மதிப்புரை வரும்போது அதன் ஒரு படியைத் துறைத் தலைவர் கையொப்பத்தோடு நூலகருக்கு அனுப்பவேண்டும். அடுத்த பிப்ரவரியில் சுற்றறிக்கை வருமுன் அது அவர் மேசையில் இருக்கவேண்டும்.